சாவி யார் கையில்?

முதுகலை படித்தபோது நாங்கள் ஐந்து பேர் நான்கு சேரிகளில் வீடு வீடாகப் போய்க் குடிநீர்க் கணக்கு எடுத்தோம். ஊர்த்தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், சேரிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதில் உப்பு எவ்வளவு என்பதெல்லாம் துறையின் ஒரே ஒரு கணினியில் இருந்தது. பொறுப்பாளர் மாறினார், கணினி மாறியது, தரவு போனது. கேட்டால், "ஆய்வறிக்கைதான் நூலகத்தில் இருக்கிறதே" என்றார்கள். அறிக்கையில் சராசரி இருக்கிறது தோழர்களே. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது இல்லை.

யாரும் சதி செய்யவில்லை. சதி தேவைப்படவும் இல்லை. சாவி ஒருவர் கையில் இருந்தால் போதும்.

2011இல் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு நடந்தது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அந்தச் சாதித் தரவு வெளியாகவே இல்லை. பிழைகள் மலிந்தது, பயன்படாது என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது. பிழையென்றால் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள், ஆய்வாளர்கள் சரிபார்க்கட்டும். பூட்டி வைத்துக்கொண்டு 'உள்ளே இருப்பது சரியில்லை' என்பது கருவறை நியாயம்.

அமெரிக்காவைப் பாருங்கள். எந்தப் பகுதியில் மாசு அதிகம், அங்கே வாழும் கறுப்பின மக்கள், ஏழைகள் எத்தனை பேர் என்று காட்டிய 'ஈஜேஸ்கிரீன்' வரைபடக் கருவியை 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் தன்னார்வலர்கள் முன்பே நகலெடுத்து வைத்திருந்தார்கள். அதனால் அது மீண்டும் வந்தது. நகல்தான் காப்பாற்றியது.

இதற்கான கருவிகள் புதியவை அல்ல. பல நூலகங்கள் ஒரே ஆவணத்தின் நகல்களை வைத்து, ஒப்பிட்டு, பழுதானதைச் சரிசெய்துகொள்ளும் 'லாக்ஸ்' திட்டம் 1999இலேயே ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. பிட்டோரன்ட் ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. துண்டு யார் கணினியிலிருந்து வந்தாலும் எண் பொருந்தினால் ஏற்கும், பொருந்தாவிட்டால் தள்ளும். கொடுத்தவர் யார் என்று கேட்காமல் கொடுத்த பொருளைச் சோதிக்கும் ஏற்பாடு இது. நம் சமூகம் இன்னும் கற்காத பாடம்.

தொழில்நுட்பம் வந்தால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பகிர்வோர் எல்லாரும் கணினியை அணைத்துவிட்டால் டோரன்ட்டும் செத்துப்போகும். அதைக் காப்பது மென்பொருள் அல்ல, அமைப்பு. இன்னொன்று, பரவிய நகலைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே பெயர், வீட்டு எண், குடும்பத்தை அடையாளம் காட்டும் எதையும் நீக்காமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. தரவு நம் மக்களுக்குக் கவசமாக வேண்டும், அவர்களைத் தாக்க வருபவனுக்கு முகவரிப் பட்டியலாகக் கூடாது.

ஆய்வு மாணவத் தோழர்களே, கள ஆய்வு முடிந்ததும் அடையாளங்களை நீக்கிய தரவை ஆய்வில் பங்குகொண்ட மக்களின் ஒப்புதலோடு குறைந்தது மூன்று ஊர்களில், மூன்று பேரிடம் வையுங்கள். அதில் ஒரு நகல் அந்த மக்களின் படிப்பகத்தில் இருக்கட்டும். தண்ணீர் வராத தெருவின் கணக்கு அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும். அதைக் கேட்க இனி யாரும் துறைத் தலைவர் அறைவாசலில் நிற்கக்கூடாது.