ஒரு பாஷையின் பிரஜா உரிமை

ஹிமாலயம் என்றவுடன் நம் மனக்கண் முன் பனிச் சிகரங்களும் கங்கோத்திரியும் கைலாசமும் வந்து நிற்கின்றன. அந்த மலைச் சரிவுகளில் சாதாரண மனிதர்களும் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் தாய் பாஷை உண்டு என்பது நமக்கு எளிதில் ஞாபகம் வருவதில்லை. நேபாள தேசத்தில் மாத்திரம் 124 தாய் பாஷைகள் வழங்குவதாக 2021-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றான குஸுண்டா பாஷையின் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

குஸுண்டா ஜனங்கள் நேபாளத்தின் மேற்குப் பகுதி மலைக்காடுகளில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடி, கிழங்கு அகழ்ந்து, ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் வாழ்ந்தவர்கள். காட்மாண்டுவில் பிரிட்டிஷ் ரெஸிடெண்டாக இருந்த ஹாட்ஜ்ஸன் என்பவர் 1848-இல் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் காடு சுருங்கவே, இவர்கள் கிராமங்களில் குடியேறினார்கள். சிறு கூட்டமாகையால் வெளியாருடன் விவாக சம்பந்தம் செய்துகொண்டார்கள். குஸுண்டா என்ற பெயரையே ஊரார் ஏளனமாக வழங்கியபடியால், சேன், சாஹி என்று வேறு பெயர்களைச் சூடிக்கொண்டவர்களும் உண்டு. வீட்டுக்குள் நேபாளி பாஷை புகுந்தது. குஸுண்டா பாஷை மாண்டுவிட்டது என்றே பண்டிதர்களிற் பலர் எண்ணிவிட்டனர்.

2004-ஆம் ஆண்டில் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. பிரஜா உரிமைப் பத்திரம் பெறுவதற்கு உதவி வேண்டி, குஸுண்டாக்கள் சிலர் காட்மாண்டு வந்து சேர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலே வாழ்ந்தவர்களுக்கு, அந்தத் தேசத்தின் பிரஜைகள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை! அங்கே திரிபுவன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர்கள் அவர்களோடு பேசிப் பார்த்தார்கள். மாண்டுபோனதாக நினைத்திருந்த பாஷை அவர்கள் நாவில் உயிரோடு இருந்தது! ஞானி மையா சேன், கமலா முதலியவர்கள் சொல்லச் சொல்ல, டேவிட் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க அறிஞரும் சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் சேர்ந்து அப்பாஷைக்கு இலக்கண நூல் ஒன்று இயற்றினார்கள். ஆரிய பாஷைகளோடும் சரி, திபெத்தோ-பர்மிய பாஷைகளோடும் சரி, குஸுண்டாவுக்கு உறவு இல்லை; அது ஒண்டியாக நிற்கும் பாஷை என்று அந்நூல் எடுத்துக் காட்டிற்று.

ஒரு காகிதம் கேட்டு வந்த ஏழைகள், ஒரு சர்வகலாசாலைக்கு முழு இலக்கணத்தையே கொடுத்துவிட்டார்கள். இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்பதை நேயர்களே சொல்லட்டும்.

"விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் பேசும் பாஷைக்கு இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2011-ஆம் ஆண்டின் கணக்கில் குஸுண்டா என்று தம்மைப் பதிந்துகொண்டவர்களே 273 பேர். அவர்களிலும் அந்தப் பாஷையைப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் காட்டையே வீடாகக் கொண்டவர்கள் உலகத்தை எவ்வாறு கண்டார்கள் என்பதை அவர்களுடைய சொற்களிலிருந்துதான் அறிய முடியும். உறவில்லாத பாஷையாகையால், அது அழிந்தால் அதன் சாயலை வேறெந்தப் பாஷையிலும் தேடிப் பிடிக்க இயலாது.

எனினும், இலக்கணத்தை அச்சிட்டு அலமாரியில் வைத்துவிட்டால் பாஷை பிழைத்துவிடுமா? குழந்தைகள் அதைப் பேசினால்தான் பிழைக்கும். உதய ராஜ் ஆலே என்ற உள்ளூர் ஆராய்ச்சியாளர் ஞானி மையாவின் துணையுடன் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்று தொகுத்தார். 2019-இல் நேபாளத்துப் பாஷா கமிஷனின் ஆதரவில் டாங் ஜில்லாவிலே குஸுண்டா வகுப்புகள் ஆரம்பமாயின. எந்தப் பெயரைச் சொல்ல முன்னோர் நாணினார்களோ, அந்தப் பெயருள்ள பாஷையைச் சிறுவர் சிறுமியர் பாடமாகப் படிக்கலானார்கள். 2020 ஜனவரியில் ஞானி மையா காலமானார். அதற்குள் அந்தப் பிள்ளைகள் சில சொற்களையாவது கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது மனத்துக்குச் சற்று ஆறுதல் தருகிறது.

மலை ஜனங்களிடம் பாடம் கேட்கப் போகும் சர்வகலாசாலைகள், திரும்பி வரும்போது குருதட்சிணை வைத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையும் ஒரு வாசக புத்தகமும் கொடுத்தால், அதைவிடச் சிறந்த தட்சிணை வேறில்லை.