வழுக்களைதலும் வாக்குக் காத்தலும்

நூலொன்றின் முதற்பதிப்பு விற்றுத் தீர்ந்தபின், அச்சுப்பிழைகளை மட்டும் திருத்தி அதனை மீண்டும் அச்சிடுதல் பதிப்பாளர் வழக்கம். அவ்வாறு வெளிவந்த படியை வாங்குவோர், எழுத்துப்பிழை குறைந்திருக்குமென்று எதிர்பார்ப்பரேயன்றி, நூலின் கருத்தே மாறியிருக்குமென்று எதிர்பாரார். மாறியிருப்பின், 'இது திருத்தமன்று. வேறு நூல்' என்று வெகுள்வர். கணினிக்கு ஏவலிடும் நிரல்மொழிகளுக்கும் இத்தகைய மறுபதிப்புக்கள் உண்டு. பராமரிப்பு வெளியீடுகள் என்று அவை பெயர்பெறும். அவ்வெளியீடுகளில் எதனைத் திருத்தலாம், எதனைத் தொடலாகாது என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள். மாணவரும் அறிஞரும் மிகுதியாக எடுத்தாளும் பைத்தான் என்னும் மொழியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தமிழ் பயில்வான் ஒருவன் இதிற் புகுவதென்னை என்று நண்பர் சிலர் வினவலாம். காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில், கணிதம் பயின்றுகொண்டிருந்த என் தமையனார் தம் கணினியிலிருந்த பைத்தானைப் புதுப்பித்தார். 3.10.6 என்றிருந்தது 3.10.7 ஆயிற்று, அவ்வளவே. ஒன்று முதல் 2,000 வரையுள்ள எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி விடையை எழுதிக்காட்டுமாறு முன்னரே தாம் இயற்றியிருந்த நிரலை அன்றிரவு ஓட்டினார். முன்பெல்லாம் 5,736 இலக்கங்கொண்ட அவ்விடை கண்ணிமைப் பொழுதில் திரையை நிறைக்கும். அன்றோ, வரம்பு கடந்ததென்று ஒரு பிழைச்செய்தி மட்டும் தோன்றிற்று. 1,500 வரை பெருக்கினால் விடை வருகின்றது. 2,000 வரை பெருக்கினால் வரவில்லை. குற்றம் தம் நிரலிலேதான் உளதென்று கருதி, நள்ளிரவு கடந்தும் வரிவரியாக ஆராய்ந்தார். அருகிருந்த யானும் உறங்கவில்லை. விடியற்காலையிலேதான் உண்மை விளங்கிற்று: நிரல் மாறவில்லை, மொழி மாறியிருந்தது.

நிற்க. பதிப்பெண்ணின் பொருளை முதற்கண் அறிதல் வேண்டும். பைத்தான், கைடோ வான் ராசம் என்னும் டச்சு அறிஞரால் இயற்றப்பெற்று, 1991-ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்தது. அதன் பதிப்பெண் மூன்று உறுப்புக்களை உடையது. முதலெண் மாறுமாயின் அது பெருமாற்றம்; 2008-ஆம் ஆண்டின் இறுதியில் 3.0 வெளிவந்தபோது, பழைய நிரல்கள் பலவற்றைத் திருத்தியெழுத நேர்ந்தது. இரண்டாம் எண் இப்பொழுது ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் மாறுகின்றது. புதிய ஆற்றல்கள் மொழியிற் புகும் வாயில் அதுவே. மூன்றாம் எண்ணோ, ஏறத்தாழ இரண்டு திங்களுக்கொருமுறை மாறுவது. பிழைகளைவதொன்றே அதன் தொழில். ஆதலின் மூன்றாம் எண் வெறும் எண்ணன்று, ஒரு வாக்குறுதி. 'நேற்று ஓடிய நின் நிரல் இன்றும் அவ்வாறே ஓடும். அஞ்சாது புதுப்பித்துக்கொள்' என்பதே அவ்வாக்குறுதியின் பொருள்.

ஒவ்வொரு வெளியீட்டோடும் மாற்றப்பட்டியல் ஒன்று வருகின்றது. பாதுகாப்பு, மொழியின் உட்கரு, நூலகம், விளக்கவுரை, சோதனை என்றாற்போன்ற தலைப்புக்களின் கீழ், செய்த திருத்தம் ஒவ்வொன்றும் தனக்குரிய எண்ணுடன் குறிக்கப்பெறும். அப்பட்டியலைப் புரட்டிப் பார்ப்போர் அங்கே வியத்தகு புதுமைகளைக் காணார். ஓரிடத்தில் நினைவகம் வீணாய்க் கசிந்தமை அடைக்கப்பட்டிருக்கும். மற்றோரிடத்தில் நிரலைத் திடீரென வீழ்த்திய குற்றம் நீக்கப்பட்டிருக்கும். பிறிதோரிடத்தில் விளக்கவுரையின் தவறான வாக்கியம் ஒன்று திருத்தப்பட்டிருக்கும். புகழ் தாராத பணிகள் இவை. கூரையின் ஒழுகலை அடைத்தவனை, மழை பெய்யுங்கால் எவரும் நினைப்பதில்லையன்றோ?

இனி, வழு யாது என்பது வினா. நம் இலக்கணநூலார் சொல்லின் நிலையை வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகையாகப் பகுத்துணர்ந்தனர். நெறிப்படி நிற்பது வழாநிலை. நெறி பிறழ்ந்தது வழு. பிறழ்ந்ததாயினும் ஒரு காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இப்பாகுபாடு நிரல்மொழிக்கும் வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றது. மொழியின் விளக்கவுரை சொல்வதொன்று, கணினி செய்வது வேறொன்று எனின், அது வழு. அதனைக் களைதல் கடன். ஆயின், அவ்வழு நெடுநாள் நிலைத்து, பல்லாயிரவர் தம் நிரல்களை அதனை நம்பியே எழுதிவிட்டனரெனின், அது வழுவமைதியாகிவிடுகின்றது. அதனைத் திடீரெனத் திருத்துவோன் ஒரு பிழையைப் போக்கி, ஓராயிரம் பிழைகளை உண்டாக்குகின்றான். அத்தகையதை அடுத்த அக்டோபர் வரை பொறுத்து, முன்னறிவித்துத் திருத்துவதே முறை.

இந்நெறியைப் பைத்தானின் பராமரிப்பாளர் ஓரொருகால் பிறழ்ந்ததுமுண்டு. 2002-ஆம் ஆண்டு வெளிவந்த 2.2.1 என்னும் வெளியீட்டில், உண்மை, பொய் என்னும் இரண்டனையும் குறிக்கும் பெயர்கள் புதியனவாகச் சேர்க்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்தது, எவருடைய பழைய நிரலையும் கெடுக்க வேண்டுமென்று செய்ததன்று. எனினும், 2.2.1 உடையவர் அப்பெயர்களை இட்டு எழுதிய நிரல், 2.2 உடையவரிடத்து ஓடவில்லை. இருவரும் ஒரே மொழியை உடையோமென்று எண்ணியிருந்தனர். உண்மையில் இருவேறு மொழிகளை உடையராயிருந்தனர். மூன்றாம் எண்ணின்கண் சிறு புதுமையும் புகலாகாதென்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

புதுமையை விலக்குதல் எளிது. பாதுகாப்பின்பொருட்டு மொழியின் நடையையே மாற்ற வேண்டிய நெருக்கடி நேரின் யாது செய்வது? இவ்வினாவுக்கு மூன்று காலங்களில் மூவேறு விடைகள் அளிக்கப்பட்டன.

முதலாவது 2012-ஆம் ஆண்டினது. பைத்தானின் அகராதி என்னும் அமைப்பு, தன்னிடம் வரும் சொற்களைக் கணக்கிட்டு அறைஅறையாகப் பகுத்து வைக்கும். எல்லாம் ஒரே அறையில் விழுமாறு சொற்களைத் தேர்ந்தனுப்பிக் கணினியைத் திணறச் செய்யலாமென்பது, 2011-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்படையாயிற்று. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அறைக்கணக்கினை முன்னறியவொண்ணாதவாறு மாற்றிவிடுவதே அதற்கு மருந்து. ஆனால் அம்மருந்து சொற்கள் வெளிவரும் வரிசையையும் மாற்றிவிடும். வரிசையை நம்பாதீர் என்று விளக்கவுரை எச்சரித்திருந்தும், பலர் நம்பியிருந்தனர். வழுவமைதி என்று நாம் மேலே கூறியது இதுவே. ஆகவே, 2012 ஏப்ரலில் வந்த 2.7.3 முதலிய வெளியீடுகளில் மருந்தினை வைத்தனர். வேண்டுமென்று கேட்டாலன்றி அது வேலைசெய்யாதபடி அமைத்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 3.3-இலே, கேளாமலே வேலைசெய்யுமாறு ஆக்கினர்.

இரண்டாவது 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 2.7.9. அதற்கு முன்னர், பைத்தானின் நூலகம் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்துங்கால், எதிர்முனையில் இருப்போர் தந்த சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. கடிதத்தை உறையிலிட்டு அரக்கு முத்திரையும் வைத்து, வாங்குவோன் உரியவன்தானா என்று கேளாமலே கொடுத்துவிடுவதனை இஃது ஒக்கும். 2.7.9 முதல் சரிபார்ப்பு தானாகவே நிகழலாயிற்று. முறையான சான்றிதழில்லா இடங்களோடு தொடர்பு கொண்டிருந்த நிரல்கள் நின்றன. ஆயினும் திருத்தம் நிலைத்தது.

மூன்றாவதே என் தமையனாரின் உறக்கத்தைக் கெடுத்தது. பேரெண் ஒன்றைப் பதின்ம இலக்கங்களாக எழுதிக்காட்டப் பைத்தான் கையாண்ட முறையில், இலக்கம் இருமடங்காயின் காலம் நான்மடங்காகும், பதின்மடங்காயின் நூறுமடங்காகும். ஆகவே, தீயோன் ஒருவன் மிக நீண்ட இலக்கத்தொடரொன்றை அனுப்பி ஒரு நிலையத்தின் கணினியை முடக்கிவிடல் கூடும். 2020-ஆம் ஆண்டின் வரிசையிற் குறியெண் பெற்ற இக்குறைபாட்டுக்கு, 2022 செப்டம்பரில் 3.7.14, 3.8.14, 3.9.14, 3.10.7 என்னும் நான்கு வெளியீடுகளிலும் ஒருங்கே தடை விதிக்கப்பட்டது. 4,300 இலக்கத்துக்கு மேற்பட்டதைப் பதின்மமாக மாற்றக் கேட்டாற் பிழை. பெருக்கலுக்குத் தடையில்லை, இரண்டு, எட்டு, பதினாறு முதலிய அடிகளில் எழுதவும் தடையில்லை, பதின்மத்துக்கே தடை. இதனால் விளைந்த விந்தை ஒன்று கேளீர். சமவாய்ப்பு எண்களை ஆக்கும் பைத்தானின் கருவி, தன் சுழற்சிநீளமாகக் கொண்டிருப்பது இரண்டின் 19,937-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண். 6,002 இலக்கங்கொண்ட அவ்வெண்ணைத் தடையை நீக்காது எழுதிக்காட்டுமாறு ஏவினால், பைத்தான் மறுத்துவிடுகின்றது!

கணிதப்பணிக்கு இம்மொழியைக் கொண்டோர் இதனை எதிர்த்தனர். 'மூன்றாம் எண்ணில் இம்மாற்றம் தகுமோ? 2012-இற் செய்ததுபோல, வேண்டுவோர்க்கு மட்டும் வைத்திருக்கலாகாதோ?' என்பது அவர்தம் முறையீடு. என் தமையனாரும் அக்கட்சியினரே. யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்பொழுது அவ்வாறு எண்ணுகிலேன். காரணம் கூறுவன்.

கேடு இருவகைத்து. ஒன்று கூவிக்கொண்டு வருவது. மற்றொன்று ஓசையின்றிப் புகுவது. என் தமையனாரின் நிரல் நின்றது. நின்றதென்று அவர் உடனே அறிந்தார். ஒரு வரி சேர்த்ததும் மீண்டும் ஓடிற்று. சான்றிதழைச் சரிபாராத நிரலோ, யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டேயிருக்கும். உடையவனுக்கு இழப்பு நேர்ந்தபின்னரும் காரணம் தெரியாது. பேரெண் அனுப்பி முடக்கப்படக்கூடிய நிலையத்தாரும், முடங்கும் நாள்வரை தமக்கு அவ்விடர் உளதென அறியார். அறியாதவன் மருந்தைக் கேட்டு வாங்குவது எங்ஙனம்? ஆதலின், ஓசையற்ற கேட்டைத் தடுத்தற்குக் கூவும் கேட்டை ஏற்பது தக்கதே. 2014-இலும் 2022-இலும் செய்தது முடிவளவிற் சரி. 2012-இற் செய்தது சற்றே அச்சம் மிக்கது என்பது என் கருத்து.

ஆயின், முடிவு சரியென்பதனால் முறையும் சரியாகிவிடாது. வாக்குறுதியை மீற நேருங்கால், மீறுவோன் செய்யவேண்டுவன மூன்று. தடையை நீக்கிக்கொள்ள வழி வைத்தல் ஒன்று. 2022-இல் அது வைக்கப்பட்டிருந்தது. அவ்வழியைத் தடுக்கி விழுந்தவன் கண்ணெதிரே எழுதிவைத்தல் மற்றொன்று, 3.10.7 காட்டிய பிழைச்செய்தி வரம்பினைச் சொல்லிற்றேயன்றி வழியைச் சொல்லவில்லை. பிற்பட்ட வெளியீடுகளிலேதான் அது சேர்க்கப்பட்டது. அவ்வொரு வரி முன்னரே இருந்திருப்பின், எங்கள் வீட்டு விளக்கு விடியுமட்டும் எரிந்திராது. பயன்படுத்துவோரை இயன்றவரை முன்கூட்டிக் கலத்தல் மூன்றாவது. பாதுகாப்பைக் கருதி மறைவாகவே ஆராய்ந்தமையால், இது பெரும்பாலும் நிகழவில்லை. மறைவு சிலபோது இன்றியமையாததே. எனினும் மறைவின் அளவு மிகமிக, நம்பிக்கையின் அளவு குறையும்.

பிழை நேர்ந்துழி அதனை ஒப்புக்கொள்ளும் பண்பு இப்பராமரிப்பாளரிடத்து உண்டென்பதையும் மறத்தலாகாது. 2021 ஏப்ரல் 2-ஆம் நாள் 3.9.3 வெளிவந்தது. 32-பிட் கணினிகளில், முன்னரே ஆக்கப்பட்டிருந்த துணைக்கூறுகளோடு அது பொருந்தாமை தெரிந்தது. உடனே அதனைத் திரும்பப் பெற்று, இரண்டே நாளில் 3.9.4-ஐ வெளியிட்டனர். மேலும், பேரெண்களை விரைந்து எழுதும் சிறந்த முறை, 2023 அக்டோபரில் வந்த 3.12-இலே புகுந்தது. இரண்டாம் எண்ணிலே புகவேண்டியது இரண்டாம் எண்ணிலே புகுந்தது, இதுவே முறை.

மாணவ நண்பர்காள்! மொழியைப் புதுப்பிக்குமுன் மாற்றப்பட்டியலை ஒருமுறை படியுங்கள். பெரும்பாலும் அது சில நிமிடங்களின் வேலை. வழு காணின் முறையிடுங்கள். ஆனால் அது வழுவா, வழுவமைதியா என்று முதலில் ஆராயுங்கள். பராமரிப்போர் நம் ஒருவர்க்காக மட்டும் மொழியைக் காப்பவரல்லர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அவர்களும், மூன்றாம் எண்ணை ஒன்று கூட்டுந்தோறும், அதனை நம்பி உறங்கச் செல்வோர் எத்துணையோ பேர் உளர் என்பதை நினைப்பாராக. வழுக்களைதல் அறிவின் தொழில். வாக்குக் காத்தல் பண்பின் தொழில். இரண்டும் ஒருங்கே அமைந்தவிடத்தன்றோ ஒரு மொழி நெடிது வாழும்?