பெட்டியில் போடும் சரி

மனநல வைத்தியசாலையில் ஒருவரைச் சேர்க்கும்போதும் வீட்டுக்கு விடும்போதும் ஒரு படிவம் நிரப்புவது வழக்கம். முன்பு முயன்றவரா, குடிப்பவரா, தனியே இருப்பவரா என்று கேள்விகள். கடைசியில் ஒரு பெட்டியில் சரி போடுவார்கள்: தற்கொலை ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம். எங்கட சனம் அதைச் சாத்திரியின் வாக்குப் போல நம்பிவிடும். "குறைவு எண்டு டொக்டரே எழுதியிருக்கிறார், இனிப் பயமில்லை."

பயமில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் அலெக்ஸ் பொகோர்னி 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,800 உள்நோயாளர்களைப் பின்தொடர்ந்தார். 803 பேரை ஆபத்துக் கூடியவர்கள் என்று பிரித்தார்கள். பின்னர் தற்கொலை செய்தவர்கள் 67 பேர். அவர்களில் 30 பேர்தான் அந்த 803 பேருக்குள் இருந்தவர்கள். மிச்ச 37 பேரும் மற்றப் பக்கம். இது மருத்துவர்களின் கெட்டித்தனம் பற்றிய விசயமில்லை. அரிதாக நடப்பதை ஆள் ஆளாக முன்கூட்டிச் சொல்லப் புள்ளிக் கணக்கால் முடியாது.

இங்கே இங்கிலாந்தில் நைஸ் அமைப்பு 2022 செப்டெம்பரில், தம்மைத் தாமே காயப்படுத்துவோர் பற்றிய வழிகாட்டியில் இதை வெளிப்படையாகவே சொன்னது. தற்கொலையை முன்கணிக்க அளவுகோல்களைப் பாவிக்காதீர்கள், குறைவு அதிகம் என்று பிரிக்காதீர்கள், அந்த ஆளுக்கு என்ன தேவை, அவரை எப்படிப் பாதுகாக்கலாம் என்று பாருங்கள்.

அதற்கு அவரோடு கதைக்க வேண்டும். எங்கட பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலம் தெரியாத தகப்பனுக்கு மகள் மொழிபெயர்க்கிறாள். "அப்பா, சாகவேணும் போல இருக்கோ?" என்று பிள்ளையின் வாயால் கேட்டால் எந்தத் தகப்பன் ஓம் என்பார்? "இல்லை" என்று பதிவாகும். ஆகவே வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். என்.எச்.எஸ்ஸில் அதற்குக் காசில்லை.

வைத்தியசாலையை விட்டு வந்த முதல் ஒன்றிரண்டு கிழமைதான் ஆபத்து மிகக் கூடிய காலம். 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தில் உள்ள நியமம். யார், எப்போது வருவார்கள், இரவில் யாருக்கு அடிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்காமல் வாட்டை விட்டு வெளிக்கிடாதீர்கள்.

வீட்டிலும் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. படிவத்தில் "குறைவு" என்று இருந்தாலும் கேளுங்கள்.