குளவி கொட்டினா புழு என்ன ஆகும்?

போன வாரம் கோபியில சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சும்மா போகலை, ஒரு வேலையை என் தலையில கட்டித்தான் கூப்பிட்டாங்க. சித்தி பொண்ணு பி.எஸ்சி. விலங்கியல் மூணாவது வருஷம். கடைசி செமஸ்டர் பரீட்சை ஓடிக்கிட்டு இருக்கு. "கண்ணு, நீ சொன்னாத்தான் கேப்பா. பரீட்ச முடிஞ்சதும் உன்ற மாதிரி ஏதாச்சும் கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேரச் சொல்லு. எம்.எஸ்சி. படிக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா"ன்னு சித்தி போன்ல புலம்பினாங்க. பொட்டி தட்டிப் பொழைக்கிறவனுக்கு அட்வைஸ் பண்ண வேற தகுதி வேணுமா என்ன? கிளம்பிட்டேன் :)

காலையில எந்திரிச்சுப் பார்த்தா, அம்மணி நோட்டை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு மேல அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. மறுநாள் அனிமல் பிஹேவியர் பேப்பர்.

"படிக்கலையா?"ன்னேன்.

"ஷ்ஷ்... குளவி வந்திருக்குங்ணா."

ஜன்னல் சட்டத்துல கட்டைவிரல் தண்டிக்கு ஒரு மண் பானை. குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிட்டு வந்து உள்ள தள்ளிட்டு இருந்துச்சு. "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்"னு பழமொழி கேட்டிருப்பீங்க. இருபத்தெட்டு வயசு வரைக்கும் அதுல பாதி உண்மையாவது இருக்கும்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அவ சிரிச்சுட்டா.

நடக்கறது இதுதான். தாய்க்குளவி பானையைக் கட்டி, உள்ள கூரையில இருந்து மெல்லிசா ஒரு நூல்ல முட்டையைத் தொங்க விடும். அப்புறம் புழுக்களைப் பிடிச்சு, கொட்டி, மயக்கி, உள்ள அடுக்கும். கொல்லாது. கொன்னா அழுகிப் போயிடும், மயங்கின புழுன்னா கெடாம இருக்கும். வாயை மண்ணால மூடிட்டுப் போயிடும். முட்டை பொரிஞ்சு வர்ற குட்டி, உயிரோட இருக்கற புழுவையே தின்னு வளர்ந்து, குளவியாகி, சுவத்தை ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். புழு உள்ள போறதையும் குளவி வெளிய வர்றதையும் மட்டும் பாத்த நம்ம முன்னோர்கள், ரெண்டும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டாங்க.

அப்படியே நோட்டைத் திருப்பிக் காட்டினா. "டின்பெர்கன் - குறிப்பு வரைக, 5 மார்க்." கீழ நாலு பாயின்ட். பிறந்த வருஷம் 1907, நோபல் 1973, கூட வாங்கினவங்க பேரு, வகுத்த கோட்பாடு.

ஆனா அந்த மனுஷன் செஞ்ச வேலை அந்த நாலு பாயின்ட்ல இல்லை. தேனீயைப் பிடிக்கற ஒரு வகைக் குளவி, ஒரே மாதிரி இருக்கற மணல்ல தன் வளையை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு அவருக்குச் சந்தேகம். வளையைச் சுத்தி பைன் மரக் காய்களை வட்டமா அடுக்கி வெச்சார். குளவி அதுக்குப் பழகினதும், அது வெளிய போன நேரம் பாத்து வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டார். திரும்பி வந்த குளவி, பக்கத்துலயே இருக்கற சொந்த வளையை விட்டுட்டு, காய் வட்டத்துக்கு நடுவுல போய்த் தேடுச்சு. அதாவது அடையாளங்களைக் கண்ணால பாத்து ஞாபகம் வெச்சுக்குது. செலவு ஒரு பைசா இல்லை. 1932-ல லெய்டன் பல்கலைக்கழகத்துல அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு இந்தக் குளவியைப் பத்தினதுதான்.

என் கேள்வி இதுதான். ஜன்னல்ல குளவியைப் பாத்துட்டு இருக்கற பொண்ணுதான் டின்பெர்கன் பேப்பரை உண்மையிலேயே படிக்கிறா. ஆனா மார்க் அந்த நாலு பாயின்டுக்குத்தான். "இந்த செமஸ்டர்ல நீயே பார்த்த ஒரு உயிரைப் பத்தி எழுது"ன்னு ஒரு பத்து மார்க் கேள்வி வெச்சா என்ன கெட்டுப் போயிடும்? கைடு வாங்கிப் பதில் எழுத முடியாது, அவ்வளவுதான்.

மனப்பாடமே தப்புன்னு ஆவேசமா ஆரம்பிச்சேன். அவளே நிறுத்திட்டா. "பேரு தெரியாம எப்படிங்ணா பாக்கறது? பேரு தெரிஞ்ச அப்புறம்தானே அது வேற இது வேறன்னே கண்ணுக்குத் தெரியுது?" நியாயம்தான். சின்டாக்ஸ் தெரியாம நான் புரோகிராம் எழுதினேனா? பிரச்சினை மனப்பாடத்துல இல்லை, அதோட நிறுத்திக்கறதுல இருக்கு.

இன்னொரு பிரச்சினை நம்ம வீட்டுக்குள்ள. உயிரியல்னா டாக்டர், டாக்டர் இல்லைன்னா தோத்துப்போனவ. இவ நீட் ரெண்டு தடவை எழுதினா. கிடைக்கலை. அதுக்கப்புறம் விலங்கியல் சேர்ந்ததை எல்லாரும் ஆறுதல் பரிசு மாதிரிதான் பேசறாங்க. இவளுக்குப் பிடிச்சது ஸ்டெதஸ்கோப்பா, குளவியான்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலைங்கறதை இங்க ஒத்துக்கணும். கொட்டிக்கிட்டே இருந்தா புழு குளவியாயிடும்னு நாம இன்னும் நம்பறோம். பழமொழியோட உண்மையான முடிவு என்னன்னு மேல சொல்லிட்டேன்.

வேலைக்கு என்ன வழின்னு சித்தி கேக்கறதும் தப்பில்லை. எம்.எஸ்சி. முடிச்சதும் வேலை வாசல்ல வந்து நிக்காது. ஆனா கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சா மட்டும் நிக்குதா? எங்க ஆபீஸ்லயே கூட்டம் கூட்டமா அனுப்பினதை நான் பாத்தேன்.

சாயங்காலம் சித்தப்பா தோட்டத்துல இருந்து வந்ததும், "என்ன கரும்பு போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "86032"ன்னார். முழுப் பேரு கோ 86032. அந்த 'கோ' கோயமுத்தூர். 1912-ல தொடங்கின கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துல உருவான ரகம். அங்க உக்காந்து கரும்பைக் கலப்பு பண்ணினவங்க யாரும் ஊசி போடற டாக்டர் இல்லை, உயிரியலைப் பிடிச்சுப் படிச்சவங்க. "அவங்க வீட்லயும் யாராச்சும் வேற கோர்ஸ் சேரச் சொல்லியிருந்தா நீங்க எதை நட்டிருப்பீங்க?"ன்னேன். சித்தப்பா ஒண்ணும் பேசலை. சித்திதான், "ரெண்டு வருச ஃபீஸ் யாரு கட்டறது?"ன்னாங்க. பாதி நான் தர்றேன்னு சொல்லிட்டேன். வாயால அட்வைஸ் பண்றது சுலபம், அதான்.

பி.கு: டின்பெர்கன் கேள்வி வரலையாம். சித்தி ஒட்டடை அடிச்சப்போ மண் பானையை மட்டும் விட்டுட்டாங்களாம்.