எச்சரிக்கை வந்தது, வீடு வந்து சேர்ந்ததா?

பிள்ளை வெளிநாடு போகிறான் என்றால் நம் வீடுகளில் பல நாள்களுக்கு முன்பே ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. பாஸ்போர்ட்டை நகல் எடுக்கிறோம், பெட்டியை எடைபோட்டுப் பார்க்கிறோம், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி வைக்கிறோம். ஆனால் அவன் போகும் நாட்டைப் பற்றி நமது வெளியுறவு அமைச்சகம் ஏதேனும் எச்சரித்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஏமன் நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். அங்குள்ள இந்தியர்கள் வெளியேறுவது நல்லது என்று 2015 ஜனவரியிலேயே நமது அரசு அறிவுறுத்தியது. மார்ச் 26 அன்று சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியது. அதன்பின் போர்க்கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பி, 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை 'ராஹத்' நடவடிக்கையின் மூலம் மீட்க வேண்டியதாயிற்று. 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் இந்தியா காப்பாற்றியது. ஜனவரியில் சாதாரண விமானத்தில் திரும்பியிருக்கக்கூடிய பலர், ஏப்ரலில் குண்டுச் சத்தத்திற்கு நடுவே கப்பல் ஏறினர்.

ஏன் முன்பே வரவில்லை என்று அவர்களைக் குறைகூறுவது எளிது. மீட்கப்பட்டவர்களுள் செவிலியர் பலர். படிப்பதற்கு வாங்கிய கடன், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம், வந்து சேராத சம்பளம், முதலாளியின் கையில் சிக்கிய பாஸ்போர்ட் என இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி உடனே புறப்பட முடியும்? எனவே எச்சரிக்கையைப் பார்க்க வேண்டிய நேரம் போன பிறகு அல்ல, கடன் வாங்குவதற்கு முன்புதான்.

ஆபத்தை அறிந்தே அங்குத் தங்கியவர்களும் உண்டு. ஏடனில் முதியோரைப் பராமரித்துவந்த அன்னை தெரசா சபைச் சகோதரிகள் அவர்களை விட்டுவர மனமின்றி இருந்தனர். 2016 மார்ச் 4 அன்று நடந்த தாக்குதலில் நான்கு சகோதரிகள் உள்பட 16 பேர் கொல்லப்பட்டனர். கடத்தப்பட்ட சலேசிய சபை அருட்தந்தை டாம் உழுன்னாலில் 18 மாதங்களுக்குப் பின், 2017 செப்டம்பரில் விடுதலையானார். அவர்களது முடிவு தெரிந்து எடுத்த முடிவு. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது தியாகம் ஆகாது.

தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நம் பிள்ளைகள். தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிப் போன இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். இது பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது. அடுத்த மாதமே தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின. அப்படியிருந்தும் 2025 மார்ச்சில் அதே எல்லைப் பகுதியிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர நேர்ந்தது. எச்சரிக்கை வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியும் அது போய்ச் சேரவேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதைத்தானே இது காட்டுகிறது?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தையும், செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் இணையதளத்தையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் தெரிந்துகொள்ளலாம். "முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வது நல்லது. நெருக்கடி நேரத்தில் அவர்கள் தேடிவர அது உதவும்.

இவற்றையெல்லாம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல ஓர் அன்பியக் கூட்டம் போதும். திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று ஊரையே கேட்கிறோம். கடல் கடந்து போகும் பிள்ளைக்காக ஒருமுறையேனும் அப்படிக் கேட்கக் கூடாதா?