மட்டம் என்றால் எந்த மட்டம்?

மேட்டூர் அணை நிரம்பிய நாளில், 'நீர்மட்டம் 120 அடி' என்று நம் ஊர்ச் செய்தித்தாள்கள் எழுதும். அதே அணைக்கு மத்திய நீர்வள ஆணையத்தின் பட்டியலில் முழு நீர்மட்டம் 240.79 மீட்டர். அதை அடியாக்கினால் 790 வருகிறது. இவற்றுள் எது பொய்? இரண்டும் மெய்யே. முன்னது அணைக்கென வைத்த பூச்சியத்திலிருந்து அளந்தது. பின்னது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. இடையே நிற்பது 670 அடி. நீர் ஒன்று, பெயர் ஒன்று, பொருளோ இரண்டு!

இந்தக் குழப்பத்தில் நான் ஏறத்தாழ இரண்டு மாதங்களை இழந்தேன். சென்ற ஆண்டு என் ஆய்வேட்டுக்காக ஒரு சிறு கிளையாற்றின் வெள்ளத்தைக் கணிப்பொறியில் கணித்துப் பார்த்தேன். தரவுகள் ஈரிடத்திலிருந்து வந்தன. இரண்டிலும் ஒரு பத்திக்கு 'மட்டம்' என்றே தலைப்பு. நானும் கேளாமல் சேர்த்துவிட்டேன். விளைவு? வரைபடத்தில் கரையோரச் சிற்றூர் ஒன்று துளியும் நனையாமல் நின்றது. அவ்வூர்ப் பள்ளிச் சுவரில், என் மார்பளவு உயரத்தில், பழைய வெள்ளத்தின் கறையை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதனால்தான் ஐயுற்றேன்; இல்லையேல் அவ்வரைபடத்தை அப்படியே கொடுத்திருப்பேன். நேரக் கணக்கிலும் இதே கதைதான். ஒரு கோப்பு இந்திய நேரத்தில், மற்றொன்று கிரீன்விச் நேரத்தில். ஐந்தரை மணி வேறுபாட்டால் என் கணிப்பில் மழைக்கு முன்னே வெள்ளம் வந்துவிட்டது!

பிழை என்னுடையதே; மறுக்கவில்லை. என் பிழையால் கெட்டது ஓர் ஆய்வேடு மட்டுமே. இதே பிழை வெள்ள எச்சரிக்கையில் நுழைந்தால், அச்சிற்றூர் மக்களை யார் எழுப்புவார்?

ஆகவே, வெள்ளத் தரவுகளின் மாறிகளுக்குப் பொதுப்பெயர் வேண்டும் என்பது என் துணிபு. சிலர் இதை மறுப்பர். 'ஒவ்வொரு துறைக்கும் ஒரு மரபு உண்டு. எல்லோரையும் ஒரே பெயருக்குள் அடைக்க முடியுமா?' என்பர். மரபுகள் பல என்பது உண்மைதான். ஆங்கிலத்தில் 'ஸ்டேஜ்' என்றால், ஆற்றை அளப்பவருக்கு அளவுகோலின் பூச்சியத்துக்கு மேலுள்ள உயரம். ஆஸ்திரேலியாவில் உருவான 'அனுகா' என்னும் வெள்ளக் கணிப்பு மென்பொருளிலோ, அது தரையின் உயரமும் நீரின் ஆழமும் சேர்ந்த மொத்தம். இவ்விரு மரபினரும் தம் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. தத்தம் சொல்லுக்குப் பொருள் இன்னதென்று பக்கத்தில் எழுதினால் போதும்.

காலநிலை ஆய்வாளர் இவ்வழியை முன்பே கண்டுவிட்டனர். 'சி.எஃப்.' என்னும் அவர்களது உடன்பாட்டின்படி, மாறிக்கு விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம். கூடவே பொதுப்பட்டியலிலுள்ள நிலைப்பெயரையும் அலகையும் கோப்பிலேயே குறித்துவிடலாம். அப்பட்டியலில் 'குறிப்பு மட்டத்துக்கு மேல் நீர்ப்பரப்பின் உயரம்' என்பது ஒரு பெயர். அக்குறிப்பு மட்டத்தின் உயரத்துக்குத் தனியே வேறொரு பெயர். மேட்டூரின் 120 முதலாவதில் அடங்கும். 670 இரண்டாவதில் அடங்கும். பெயர் நீளம்தான். ஆனால் நீளமான பெயரால் எந்த ஊரும் மூழ்கியதில்லை.

நம் நாட்டுக்கு இது மிகவும் வேண்டும். ஆறு மாநில எல்லையை அறியாது. ஓரிடத்தில் நீர்வரத்தைக் கன அடியில் எழுதுகிறோம். வேறிடத்தில் கன மீட்டரில் எழுதுகிறோம். ஒன்றுக்கு மற்றொன்று முப்பத்தைந்து மடங்கு! அலகில்லாத எண் முகவரியில்லாத கடிதம் போன்றது.

தமிழில் கலைச்சொல் ஆக்குவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழம், உயரம், மட்டம் என மூன்று நல்ல சொற்கள் நம்மிடம் உள்ளன. தரையிலிருந்து நீர்ப்பரப்பு வரை ஆழம். அளவுகோலின் பூச்சியத்திலிருந்து உயரம். கடல்மட்டத்திலிருந்து மட்டம் என்று வரையறுத்துக்கொண்டால் என்ன குறை?

பேரவைகள் கூடி முடிவு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தில் பொறியியல், புவியியல், கணிதம் பயிலும் அன்பர் பலர் உள்ளனர். தரவைப் பிறருக்குக் கொடுக்கும்போது ஒரு தாளையும் உடன் வையுங்கள். எதை அளந்தோம், எதிலிருந்து அளந்தோம், எந்த அலகில், எந்த நேரக் கணக்கில் என்ற நான்கே வரிகள் போதும். வெள்ளம் வருமுன் அணை போடு என்றனர் பெரியோர். அணை போடுமுன் அளவுக்குப் பெயரிடுவோம்.