ஓசூரில் டீம் இருக்கு! தர்மபுரி பையனுக்கு பாதை இருக்கா?
மண் ரேஸ் பைக் போட்டியில் ஊருக்கு ஊர் ஓரவஞ்சனை

தர்மபுரி—

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று பாருங்கள். சைலன்சர் அலற, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் பறப்பான். "எமனுக்கு வேலை வைக்கிறான்" என்று பெரியவர்கள் திட்டுவார்கள்.

அதே பையன் மேடு பள்ளமான மண் பாதையில், ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் போட்டு இதையே செய்தால் அதற்குப் பெயர் மோட்டோகிராஸ். தேசியப் போட்டி, பட்டம், கம்பெனி சம்பளம் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் அந்தப் படியில் ஏற, பிறந்த ஊரும் அப்பாவின் பையும் சரியாக அமையணும்!

யார் யார் ஏறினார்கள்?

டி.வி.எஸ். கம்பெனி 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டை விட்டது ஓசூரில் இருந்துதான். 1982-ல் ரேஸ் டீமும் ஆரம்பித்தது. அன்றைக்கு ஓசூர் நம்ம தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான்.

அந்த டீமில் ஓட்டிப் பேர் வாங்கியவர்களைப் பாருங்கள். கே.பி.அரவிந்துக்கு உடுப்பி. ஐஸ்வர்யா பிஸ்ஸேவுக்குப் பெங்களூர். ஹரித் நோவாவுக்கு கேரளத்து ஷொரனூர். மண் ரேசில் தேசியப் பட்டங்கள் வாங்கிய ஹரித், 2024 டக்கார் ராலியில் மொத்தத்தில் 11-வது வந்து, தன் பிரிவில் முதலிடம் பிடித்தார். அதற்கு முன் 2015-ல் டக்காரை முடித்த முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ். அவரும் பெங்களூர்க்காரரே.

இது திறமைக் குறைச்சலா? இல்லை. பழக இடம் வேணும். சந்தோஷ் ஆரம்பித்த பயிற்சி மைதானம் கோலார் பக்கம். தேசிய சூப்பர்கிராஸ் சுற்றுகள் நடந்த ஊர்கள் புனே, பெங்களூர், கோவை, கொச்சி, வதோதரா. இருங்காட்டுக்கோட்டையும் கோவை செட்டிபாளையமும் தார் ரோட்டு ரேசுக்குப் பேர் போனவை. நம்ம ஊரில் இருந்து பெங்களூர் 130 கிலோ மீட்டர் சொச்சம். பைக்கை வேனில் ஏற்றி, மெக்கானிக்கோடு போய் வர என்ன ஆகும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பைக் விலை தனி. வெளிநாட்டு 250 சி.சி. மண் ரேஸ் பைக் ஏழெட்டு லட்சம். அதை ரோட்டில் ஓட்டவும் முடியாது, ரிஜிஸ்டர் ஆகாது. உள்நாட்டு பைக்குக்கு தனிப் பிரிவு இருப்பது ஒன்றுதான் ஏழைக்கு ஆறுதல்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே சம்பளம் வாங்காத அமெச்சூர்களுக்கு 1982-ல் இருந்து ஒரு தேசியப் போட்டி நடக்கிறது. இடம், டென்னசியில் பாடகி லொரெட்டா லின்னின் பண்ணை. நாட்டை எட்டு வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் உள்ளூர்த் தேர்வு, அடுத்து வட்டாரத் தேர்வு. ஒரு பிரிவுக்கு 42 பேர்தான் உள்ளே. எல்லா வட்டாரத்துக்கும் இடம் உண்டு.

அங்கேயும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. கலிபோர்னியா, புளோரிடாவில் வருஷம் பூரா வெயில். பையன்கள் தினமும் பழகுகிறார்கள். வடக்கே பனி கொட்டும் ஊரில் பல மாதம் பைக்குக்குப் போர்வைதான். அதனால் ஒரு வட்டாரத்தில் தோற்றவன், இன்னொரு வட்டாரத்தில் ஜெயித்தவனை விடக் கெட்டிக்காரனாக இருக்கலாம். 'இது நியாயமா?' என்று கேட்டால், 'எட்டு மூலையில் இருந்தும் ஆள் வரணும்' என்பதே பதில்.

நம்ம தேசிய சூப்பர்கிராசில் இந்த வட்டாரக் கணக்கு இல்லை. பெடரேஷன் லைசென்சு, பைக், கட்டணம் மூன்றும் இருந்தால் பேர் கொடுக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கு, ஆனால் கதவு வரை போக பஸ் காசு யாரிடம் இருக்கு? அங்கே ஓட்டம் வடிகட்டுகிறது. இங்கே பணமும் தூரமும் வடிகட்டுகின்றன!

போலீஸ் கணக்கு

இடம் இல்லாத பையன் சும்மா இருப்பானா? நெடுஞ்சாலைக்குப் போகிறான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளே நிலைதடுமாறும். அங்கே பைக் பந்தயம் என்றால் கேட்கவே வேண்டாம். ரோட்டில் ரேஸ் விட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது ஆகாதவன் ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் வரலாம்.

மண் பாதையிலும் ஆபத்து உண்டு. சந்தோஷே 2021 டக்காரில் விழுந்து உயிருக்குப் போராடி மீண்டார். ஆனால் அங்கே டாக்டர் நிற்பார், எதிரே லாரி வராது.

2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி கார் ரேசுக்கு சர்க்காரே முன்நின்றது. மண் ரேசுக்கு அவ்வளவு செலவில்லை. கொஞ்சம் புறம்போக்கு, மேடு கட்ட ஒரு புல்டோசர், ஒரு ஆம்புலன்ஸ், போலீஸ் அனுமதி. மாவட்டத்துக்கு வருஷம் ஒரு தேர்வு வைத்து, ஜெயித்தவன் தேசியப் போட்டிக்குப் போகும் செலவை ஏற்றால் போதும்.

மண்ணுக்கு தர்மபுரியில் பஞ்சமா? பையன்களுக்குத்தான் பஞ்சமா? பாதையைப் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவன் ரோட்டிலேதான் பறப்பான். மறுநாள் அவன் பேர் வருவது நம்ம பத்திரிகையின் விபத்துச் செய்தியில்!